நாற்பத்தொன்றுக்கு மூக்கடைப்பு

ஜூன் 3, செவ்வாய்

வேலை வந்திருக்கிறது. ஒலிப்புத்தகம் வாசிக்க வேண்டும். ஐந்து பாகம். 'உப்பு மதில்' என்று பெயர். பதினேழு வயதுப் பிள்ளைகள் சோறு தண்ணி இல்லாமல் படிக்கிற காதல் தொடராம். நான் பதினோரு வருடம் ஒரு தொலைக்காட்சித் தொடரின் கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவள். அவள் மூன்று கல்யாணம் செய்தாள், இரண்டு முறை செத்துப் பிழைத்தாள். எல்லாவற்றுக்கும் அழுதது நான். ஜனவரியில் அந்தத் தொடரை முடித்துவிட்டார்கள். ஐந்து மாதம் சும்மா உட்கார்ந்த பிறகு வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

கதையைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. ஒரு நகரம். சுற்றிலும் உப்பில் கட்டிய மதில். மழை பெய்தால் கரைந்துவிடும் என்பதால் 'மழை' என்ற சொல்லையே வாயால் சொல்லக்கூடாதாம். உப்பில் மதில் கட்டின அந்த மேஸ்திரி யார் என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை போலிருக்கிறது. அங்கே மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கதாநாயகி ஏழு. அரசாங்கம் அவளுக்குப் பார்த்து வைத்த மாப்பிள்ளை மூன்று. பெயர் வைக்கக்கூட எழுத்தாளருக்குச் சோம்பல்.

ஜூன் 5, வியாழன்

ஒப்பந்தத்தில் ஒரு விதி: ஐந்து பாகத்தையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் மைக் முன்னால் உட்கார வேண்டும். 'படித்துவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. தொடரில் அன்றன்றைக்குக் கையில் தருகிற தாளைப் பார்த்துப் பேசியவள் நான். இந்தப் பிள்ளைப் புத்தகத்துக்கு முன்தயாரிப்பு ஒரு கேடா?

ஜூன் 9, திங்கள்

முதல் நாள். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாத அறை. மைக்கில் சத்தம் விழும் என்று ஏசியை அணைத்துவிடுகிறார்கள். வயிறு கத்தினாலும் விழும், அதனால் பசியோடும் வரக்கூடாது, நிறையச் சாப்பிட்டுவிட்டும் வரக்கூடாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். அவருக்கு ஸ்டுடியோவில் 'காது' என்று பெயர். எச்சில் விழுங்குவதைக்கூடப் பிடித்துவிடுகிறார்.

"மேடம், முழுசாப் படிச்சிட்டீங்களா?"

"ரெண்டு தடவை" என்றேன்.

நாலாம் அத்தியாயத்தில் வாயில் காவலாளி ஒருவன் வருகிறான். எண் நாற்பத்தொன்று. மூன்றே வசனம். அடையாள அட்டையைக் கேட்கிறான், இந்த வழியாகப் போகக்கூடாது என்கிறான், கடைசியில் ஏழு நடந்து போகும்போது மெதுவாக "மழை வர மாதிரி இருக்கு" என்கிறான். யாரோ துக்கடா ஆள் என்று நினைத்து இவர் குரலை எடுத்துப் போட்டேன். அடைத்த மூக்கு, இழுத்து இழுத்துப் பேசுகிற பேச்சு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு உறிஞ்சல். காது கண்ணாடிக்குப் பின்னால் சிரித்துவிட்டார். எனக்கும் ரொம்ப நாள் கழித்து நெஞ்சு குளிர்ந்தது.

ஜூன் 10, செவ்வாய்

'இவர்' என்று எழுதிவிட்டேன். என் வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுத்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். ஊரார் மூக்கில் எல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறார், தன் மூக்கு மட்டும் முப்பது வருடமாக அடைத்துக் கிடக்கிறது.

தொடர் முடிந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. சொன்னேன், முடிச்சிட்டாங்க என்று. அவர் செய்தித்தாளில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "இனிமேலாவது வீட்ல கொஞ்சம் அமைதியா இருக்கும்."

அமைதிதானே? எடுத்துக்கோ.

அன்றிலிருந்து நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. தண்ணீர் கேன் வந்ததா, மகளுக்கு விடுதிக் கட்டணம் கட்டியாச்சா, எல்லாம் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுகிற தாளில்தான்.

ஜூன் 14, சனி

இன்றும் பேசவில்லை. தாள்கூடத் தீர்ந்துவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

முதல் பாகம் முடிந்தது. கதாநாயகி பெருமூச்சு விட்ட இடங்களை எண்ணினேன், அறுபத்திரண்டு. மூன்றுக்கு நல்ல ஆண் குரலாகக் கொடுத்திருக்கிறேன், வெண்ணெய் மாதிரி. கதாநாயகன் அவன்தானே. இரண்டு பேரும் மதில் மேல் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். விழுந்து தொலைத்தால் என்ன என்று தோன்றியது.

ஜூலை 12, சனி

நேற்று முதல் பாகம் வெளியானது. காலையில் மகள் போன். படிப்பது வேறு ஊரில். ஐந்து பாகத்தையும் நான்கு முறை படித்தவள்.

"அம்மா, நாற்பத்தொன்னுக்கு ஏம்மா அந்தக் குரல் வெச்ச?"

"எந்த நாற்பத்தொன்று?"

"அய்யோ. வாசல் காவலாளிம்மா!"

"அவனுக்கு என்ன இப்போ? மூணு வரி."

 அவள் செத்த வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "அவன்தாம்மா ஹீரோ. ரெண்டாவது பாகத்துலேர்ந்து அவன்தான். நீ படிக்கவே இல்லையா?"

அப்புறம் இன்னொன்றும் கேட்டாள். "அது அப்பா குரல்தானே?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

மேலாளர் கூப்பிட்டார். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். முகம் கோணாமல் கழுத்தை அறுக்கத் தெரிந்தவர். கேட்டவர்கள் எழுதியதை எல்லாம் படித்துக் காட்டினார். 'காவலாளிக்கு ஜலதோஷமா?' 'என் கனவைக் கெடுத்துட்டாங்க.' 'இந்த ஆன்ட்டி புத்தகத்தைப் படிச்சாங்களா?'

"ரெண்டாவது பாகத்துல குரலை மாத்திடலாம் மேடம். இல்லன்னா வேற ஆள் பார்க்க வேண்டியிருக்கும்."

தப்பு என்னுடையது. தலையைக் குனிந்து சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த 'ஆன்ட்டி' எனக்கு ஏறிவிட்டது. வாயில் வந்ததை எடுத்து விட்டேன்.

"அவன் உப்பு மதில் ஓரமா பன்னெண்டு வருஷம் நிக்கறவன். உப்புத் தூசியைத்தான் மூச்சா இழுக்கறான். நீங்க போய் ரெண்டு மாசம் நின்னு பாருங்க, மூக்கு அடைக்குதா இல்லையான்னு. வெண்ணெய்க் குரல் வேணும்னா மாடியில உக்காந்திருக்கற மூணுகிட்ட கேளுங்க. வாசல்ல நிக்கறவனுக்கு இந்தக் குரல்தான்."

மேலாளர் எழுத்தாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பன்னிரண்டு வருடம் என்பதை நான் எங்கிருந்து பிடித்தேன்? புத்தகத்தின் பின்னட்டையிலிருந்து. மகள் சொன்ன பிறகு அதை மட்டும்தான் படித்திருந்தேன்.

ஜூலை 16, புதன்

எழுத்தாளர் ஒரே வரியில் பதில் அனுப்பியிருக்கிறார். 'எனக்கே இது தோன்றவில்லையே, அப்படியே இருக்கட்டும்.' இரண்டாம் பாகம் வரைக்கும் பார்க்கலாம் என்கிறார் மேலாளர். அதாவது, என் கழுத்தில் போட்ட கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார். இனிமேல் படித்தே ஆக வேண்டும். என்ன தண்டனை!

ஜூலை 20, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு இரண்டாம் பாகத்தை எடுத்தேன். வீட்டுக்காரர் முன்னறையில் இருந்தார். அவர் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற சத்தத்துக்குக் குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டுக்கொண்டு படித்தேன்.

நாற்பத்தொன்று பன்னிரண்டு வருடமாகத் தினமும் நகத்தால் மதிலைச் சுரண்டுகிறான். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. சுரண்டிய உப்பைத் தின்றுவிடுகிறான், கீழே விழுந்தால் மாட்டிக்கொள்வான் என்று. இப்போது அங்கே ஒரு விரல் அளவுக்கு ஓட்டை இருக்கிறது. அதை முதல்முதலில் காட்டுவது ஏழுக்கு. அவள் கண்ணை வைத்துப் பார்க்கிறாள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? ஒரு வயல். ஓர் ஆடு. அவ்வளவுதான். ஆட்டைப் பார்த்து அவள் அழுகிறாள்.

நானும் அழுதேன். எனக்கு வயது நாற்பத்தாறு. குழாயை மூட மறந்துபோய் மேல்தொட்டித் தண்ணீர் முழுக்கத் தீர்ந்துவிட்டது. மத்தியானம் ஃபிரிட்ஜ் மேல் ஒரு தாள்: 'தண்ணி எங்கே?'

வெட்கங்கெட்டு எழுதுகிறேன், எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. அந்த எழுத்தாளர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இந்த வயதில் என்னை இப்படி ஆக்க அவருக்கு என்ன உரிமை?

ஜூலை 27, ஞாயிறு

மூன்றாம் பாகமும் நான்காம் பாகமும் படித்து முடித்தேன். ஐந்தைத் தொடவில்லை, முடிந்துவிடும் என்ற பயம். அதை வாசிக்கிற வாரத்தில்தான் பிரிப்பேன். விதியை மறுபடியும் மீறுகிறேன், இந்த முறை வேறு காரணத்துக்காக.

ஆகஸ்ட் 6, புதன்

இரண்டாம் பாகத்தில் முக்கால்வாசி முடிந்தது. எனக்கு முளைத்திருக்கிற சிக்கல் இதுதான். நான் ஆசைப்படுகிற ஆள் வாயைத் திறந்தால் நான் பேசாத ஆளின் குரல் வருகிறது. அதுவும் என் தொண்டையிலிருந்தே. 'உன்னைப் பார்க்காத நாள்ல நான் உப்பைச் சுரண்டறதில்ல' என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்கிறான். இவர் இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு வரி சொன்னதுண்டா? 'குழம்புல உப்பு கம்மி' என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால் தாள். 'வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். போக ஒப்புக்கொண்டேன். செப்டம்பர் 1. திரும்பி வருவது பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது.'

கீழே நான் எழுதினேன்: 'சரி.' எழுதிவிட்டு அந்தச் சரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போய்விட்டால் அவ்வளவுதான். தாள் ஒட்டக்கூட ஆள் இருக்காது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூன்றாம் பாகம், பதினோராம் அத்தியாயம். நாற்பத்தொன்று ஏழிடம் கோபத்தில் ஒரு வார்த்தை விட்டிருக்கிறான். பிறகு வந்து நிற்கிறான். 'நான் சொன்னது தப்பு. வாயை விட்டுப் போன நிமிஷமே தெரியும். திரும்ப எடுக்கத் தெரியல.'

பதினாலு டேக். முதல் நான்கில் குரல் உடைந்தது. அடுத்த நான்கில் பல்லைக் கடித்தேன், பல் சத்தம் மைக்கில் விழுந்தது. காது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து தண்ணீர் கொடுத்தார்.

"மேடம், இது யாரோட குரல்?"

"யாரோடதும் இல்ல. உங்க வேலையைப் பாருங்க."

பதினாலாவது சரியாக வந்தது. என் வீட்டுக்காரர் சொல்லாததை எல்லாம் நானே அவர் குரலில் சொல்லி, நானே கேட்டு, நானே அழுதுகொள்கிறேன். இதற்குச் சம்பளம் வேறு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பேசினோம். ஏழு மாதம் கழித்து.

அவர் கடையில் கல்லாவில் உட்காருகிற பெண் வேலை நேரத்தில் ஒலிப்புத்தகம் கேட்பாளாம். முதல் பாகத்தைச் சத்தமாகப் போட்டிருக்கிறாள். 'சார், இது அப்படியே நீங்க பேசற மாதிரியே இருக்கே' என்றிருக்கிறாள். பட்டறையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். 'அடையாள அட்டை' என்று ஆளாளுக்கு மூக்கை உறிஞ்சி இவரிடம் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். ஒரு வாரமாக இது நடக்கிறது.

வீட்டுக்கு வந்தவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னை வெச்சு ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

"வேணும்னுதானே பண்ணின?"

"ஆமா. வேணும்னுதான். உங்களுக்கு அமைதி வேணும்னீங்க இல்ல? நான் வீட்ல பேசாம வெளியில பேசினேன்."

"அன்னிக்கு ஏதோ வாய் தவறி..."

"தவறினா எடுக்கணும். ஏழு மாசம் ஆச்சு."

அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். தன் குரல் தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திக்கொண்டார். கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மனுஷன் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறார், நான் நடு வீட்ல ஜெயிச்சவ மாதிரி நிக்கறேன். என்னத்த ஜெயிச்சேன்?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மகள் சொன்னாள், அப்பா கடையில் வாயே திறப்பதில்லையாம். வாடிக்கையாளர்களிடம்கூடத் தலையாட்டுகிறாராம். போனில் அவளிடமும் 'ம்' மட்டும்தான்.

குரலை வைத்துப் பிழைக்கிறவள் நான். என் பேச்சை ஒருவர் இளக்காரமாகச் சொன்னதற்கு ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு நான் செய்தது அதைவிட எந்த விதத்தில் குறைவு? ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அல்லவா செய்திருக்கிறேன். இதை எழுதும்போதும் அவர் மேல் கோபம் குறையவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

போய்விட்டார். ஒரு பெட்டி, ஒரு தலையணை. நான் குளியலறையில் இருக்கும்போது கிளம்பினார், அல்லது அவர் கிளம்பும்வரை நான் குளியலறையில் இருந்தேன்.

செப்டம்பர் 17, புதன்

நான்காம் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகம் வெளியானதிலிருந்து எல்லோருக்கும் அந்த மூக்குதான் வேண்டுமாம். மேலாளர் படித்துக் காட்டினார்: 'அவன் உறிஞ்சும்போது எனக்கு நெஞ்சு அடைக்குது.' 'இனிமே அழகான குரல் எதுவும் பிடிக்காது.' ஜூலையில் ஆன்ட்டி என்று எழுதிய அதே கூட்டம். மேலாளர் எனக்குக் கை கொடுத்தார். கொடுத்த கையை உடனே கழுவ வேண்டும் போல் இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

மகள் போன். "அம்மா, அப்பா மூக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். போன வாரமே. யார்கிட்டயும் சொல்லல."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை.  முப்பது வருடம் டாக்டரிடம் போகாத ஆள். கத்தியைப் பார்த்தால் மயங்கி விழுகிற ஆள். கூட யார் இருந்தார்கள் என்று கேட்டேன். யாருமில்லையாம்.

அக்டோபர் 8, புதன்

காலை எட்டு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். தெளிவான ஆண் குரல். "நல்லா இருக்கியா?" என்றது. யாரோ பொறுக்கி என்று நினைத்து வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன், போலீஸ், செருப்பு எல்லாம் வந்தது.

"நான்தான்" என்றது குரல்.

"நான்தான்னா யாரு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வைத்துவிட்டார்கள். வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தச் 'சத்தமில்லை' எனக்குத் தெரியும். ஏழு மாதம் கேட்டது.

இருபத்திரண்டு வருடம் கேட்ட குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிவதற்கு அது இல்லவே இல்லை. வெட்டி எடுத்தாச்சு. நான்தான் வெட்ட வெச்சேன்.

அங்கே போய்ப் புது எண் வாங்கியிருக்கிறார் போலிருக்கிறது, அதற்கு ஒன்பது முறை போட்டேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

ஐந்தாம் பாகம் தொடங்கிவிட்டோம். நாற்பத்தொன்றின் குரல் எனக்கு வரவில்லை. மூக்கைச் சுருக்கினால் யாரோ கோமாளி பேசுகிற மாதிரி இருக்கிறது. பழைய பாகத்திலிருந்து கொஞ்சம் போட்டுக் காட்டும்படி காதிடம் கேட்டேன். ஹெட்போனில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அந்தக் குரல் இப்போது உலகத்தில் என் தொண்டையைத் தவிர வேறு எங்கும் கிடையாது. அதுவும் நகல்.

காது இன்று எதையும் கேட்கவில்லை. "நாளைக்குப் பண்ணலாம் மேடம்" என்று மட்டும் சொன்னார்.

அக்டோபர் 22, புதன்

மழை பெய்துவிட்டது. கதையில். மதில் கரைகிறது, நகரமே கூக்குரல் இடுகிறது. நாற்பத்தொன்று ஓடவில்லை. பன்னிரண்டு வருடம் சுரண்டின இடத்தில் நனைந்துகொண்டு நின்று ஏழு வருகிறாளா என்று பார்க்கிறான். வந்தாளா இல்லையா என்று எழுதாமலே எழுத்தாளர் முடித்துவிட்டார்! ஐந்து பாகம் நம்மை இழுத்து வந்துவிட்டு, கடைசியில் இன்னும் ஒரு பக்கம் எழுதக் கை வலித்துவிட்டதா அந்த மகராசிக்கு? புத்தகத்தை அறை மூலையில் வீசினேன். அந்தச் சத்தமும் மைக்கில் விழுந்தது. பிறகு போய் எடுத்து, தூசி தட்டி, பையில் வைத்துக்கொண்டேன்.

அவன் நிற்கிறான், சரி. அவள் எங்கே நின்று என்ன பிடுங்கிக்கொண்டிருக்கிறாள்?

அக்டோபர் 23, வியாழன்

காலை எட்டு மணிக்கு மகளின் எண்ணிலிருந்து எனக்கு ஒரு கூட்டு அழைப்பு. "ரெண்டு பேரும் பேசுங்க, நான் கட் பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கழன்றுகொண்டாள். அந்தப் பக்கம் மூச்சு சீராக வந்தது. உறிஞ்சல் இல்லாத மூச்சு. வேறு யாரோ வீட்டுக்குள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

என் சொந்தக் குரலில்தான் சொன்னேன். தொண்டையைச் செருமவில்லை, எதையும் சரிசெய்துகொள்ளவில்லை. "நான் பண்ணினது தப்பு. உங்களை ஊர் சிரிக்க வெச்சேன்."

"கேக்கல. திரும்பச் சொல்லு."

"கேட்டுச்சு உங்களுக்கு."

"மூக்கைத்தான் சரி பண்ணாங்க. காது பழசுதான்."

திரும்பச் சொன்னேன். இந்த முறை கொஞ்சம் கத்தியே சொன்னேன்.  அந்தப் புதுக் குரல் சொன்னது:

"அன்னிக்கு வீட்ல அமைதியா இருக்கும்னு சொன்னேன் இல்ல. இங்க ரொம்ப அமைதியா இருக்கு. என்னால தாங்க முடியல."

நான் திட்டினேன். தனியாகப் போய் ஆபரேஷன் செய்துகொண்டதற்கு, ஒன்பது முறை போட்டும் எடுக்காததற்கு, தாளில் 'தண்ணி எங்கே' என்று எழுதியதற்கு. அவரும் விடவில்லை, பட்டறையில் பட்ட அவமானத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார். முக்கால் மணி நேரம். திருத்தங்கள் பதிய ஸ்டுடியோவுக்குப் போகத் தாமதமாகிவிட்டது.

வைக்கும் முன் கேட்டார், ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று. காலை வண்டி பத்தே காலுக்குத்தான் வரும், அதுவரை நான் பசியோடு காத்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.